சாப்பிட்ட பின் சர்க்கரை: மாதுங்கா கூட்டத்தில் வந்த கேள்விகள்

மும்பை மாதுங்காவில் நம் சர்க்கரைக்காரர்கள் கூடியபோது சீட்டில் எழுதித் தந்த கேள்விகள் இவை. நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், டாக்டர் இல்லை. மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டர் பாடு. எண்ணை எப்படி எடுப்பது, எப்படிப் படிப்பது என்பது மட்டும் என் பாடு.

செம்பூர், இல்லத்தரசி: மேடம், "சாப்பிட்டு ரெண்டு மணி நேரம்" என்கிறார்களே, அது கை கழுவியதிலிருந்தா?

இல்லை அம்மா, முதல் கவளம் வாயில் போட்ட நேரத்திலிருந்து. வீட்டில் கால் மணியில் சாப்பிட்டு எழுந்துவிடுகிறோம், பெரிய வித்தியாசம் வராது. கல்யாணப் பந்தியில் பாயசம், பேச்சு, பீடா என்று முக்கால் மணி ஓடிவிடும். அங்கேதான் கணக்கு தப்பும். பலருக்கும் சொல்லப்படும் இலக்கு சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130, பின் 180-க்குக் கீழே. கர்ப்பிணிகளுக்கு இதைவிடக் கறார், தள்ளாத வயதில் கொஞ்சம் தளர்வு.

தாராவி, தையல் தொழில்: அக்கா, வெறும் வயிற்றில் எப்பவும் 110, 115தான். ஆனால் மூணு மாச சோதனையில் 8.2 வந்திருக்கு. லேப் தப்பா?

லேப் மேல் பழியைப் போடாதீங்க தம்பி. ஹெச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதத்தின் சராசரி, ராத்திரி பகல் எல்லாம் சேர்த்து. 8.2 என்றால் சராசரி 190-ஐ ஒட்டி இருக்கும். காலையில் 110 உள்ளவருக்கு அது எங்கிருந்து வரும்? நீங்கள் பார்க்காத நேரத்திலிருந்துதான். (ரத்தசோகை இருந்தால் அந்தச் சோதனை ஏமாற்றலாம், அதை மட்டும் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.)

இனி ஜோடியாகப் பாருங்கள்: சாப்பாட்டுக்கு முன் ஒன்று, பின் ஒன்று. பின்னால் 200 வருகிறது என்று வையுங்கள். முன்னால் 185 இருந்திருந்தால் அந்தச் சாப்பாடு பாவம், அது ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. முன்னால் 115 இருந்தால் தட்டைத்தான் விசாரிக்க வேண்டும். ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு அழுவதிலும் சிரிப்பதிலும் அர்த்தமில்லை என்பது என் கட்சி.

தினமும் ஆறு முறை குத்தச் சொல்லவில்லை, மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப் விலை எனக்கும் தெரியும். இந்த வாரம் இரண்டு நாள் காலை நாஷ்டா, அடுத்த வாரம் மதியச் சாப்பாடு, அப்புறம் ராத்திரி. நோட்டில் "சாப்பாடு" என்று எழுதினால் பிரயோஜனம் இல்லை. "சோறு மூன்று கரண்டி, சாம்பார், உருளைக்கிழங்கு, சாப்பிட்டதும் மிஷினில் உட்கார்ந்தேன்" என்று எழுதுங்கள். இன்னொரு நாள் அதே குழம்பு, சோறு ஒரு கரண்டி குறைவு, பொரியலும் சுண்டலும் முதலில், சாப்பிட்டதும் கால் மணி நடை. இரண்டு நாள் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

முலுண்ட், ஓய்வு பெற்றவர்: மதியம் மீட்டர் 312 காட்டியது. பயந்துபோய் லேபுக்கு ஓடினால் அங்கே 170. எதை நம்புவது?

எந்த மாதம் சார்? ஹாபூஸ் சீசனாக இருந்தால் முதலில் கையைத்தான் சந்தேகப்படுவேன். மாம்பழம் உரித்த விரலில் பிசுபிசுப்பு கொஞ்சம் ஒட்டியிருந்தாலே போதும், அந்தச் சர்க்கரையும் ரத்தத் துளியோடு சேர்ந்துகொள்ளும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் முழுதாகப் போகாது. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். பிழிந்து பிழிந்து எடுக்க வேண்டாம்.

கை சுத்தமாக இருந்தும் லேப் எண்ணைவிட 15 சதவீதம் வரை முன்னே பின்னே இருந்தால் மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது. சாப்பிட்ட பின் விரல் ரத்தத்தில் நரம்பில் எடுப்பதைவிடக் கொஞ்சம் கூடவே வரும். நம் ஊர் மழைக்காலத்தில் இன்னொன்று: ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து போட்டால் ஈரக்காற்றில் ஸ்ட்ரிப் கெட்டுவிடும்.

டோம்பிவிலி, அலுவலகம் போகிறவர்: லோக்கல் ரயிலில் நின்றுகொண்டே எப்படிக் குத்திக்கொள்வது?

குத்திக்கொள்ளவே வேண்டாம். ஞாயிறுகளில் பாருங்கள், ஆனால் வார நாளில் சாப்பிடுவதையே சாப்பிட்டுவிட்டு. குத்திய ஊசியை மூடியுள்ள கெட்டி டப்பாவில் போட்டு வையுங்கள். குப்பை அள்ளுகிறவர் கையில் ஏறக்கூடாது.

காட்கோபர், இல்லத்தரசி: சங்கடஹர சதுர்த்திக்கு விரதம். பக்கத்து வீட்டு மராட்டிக்காரம்மா சொல்லித் தந்த ஜவ்வரிசிக் கிச்சடிதான் சாப்பிடுகிறேன். அன்றைக்குப் பார்த்துச் சர்க்கரை ஏறுகிறதே?

ஏறாமல் என்ன செய்யும்? ஜவ்வரிசி கிட்டத்தட்ட வெறும் மாவுச்சத்து, கூடவே உருளைக்கிழங்கு. அதில் போடும் வேர்க்கடலை ஒன்றுதான் நல்லது. கிச்சடியைக் கைப்பிடியாகக் குறைத்துக் கடலை, தயிர், வெள்ளரிக்காயைக் கூட்டிப் பாருங்கள். மாத்திரை போட்டுக்கொண்டு பட்டினி இருப்பது பற்றி டாக்டரிடம் முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும்.

எண்ணெயில் பொரித்தது, வெண்ணெயில் மிதக்கும் பாவ் பாஜி இவற்றுக்கு இரண்டு மணியில் எண் நல்லபடியாக இருந்தாலும் நம்பாதீர்கள். கொழுப்பு ஜீரணத்தைத் தாமதப்படுத்தும். மூன்று நான்கு மணி கழித்தும் ஏறலாம்.

சயான், கடை வைத்திருப்பவர்: சாயங்காலம் கை நடுங்கி வேர்த்தது. மீட்டரில் 62. சர்க்கரை போட்ட கட்டிங் சாய் குடித்தும் சீக்கிரம் தெளியவில்லை. கிளிமிபிரைடு, வோக்ளிபோஸ் என்று இரண்டு சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறேன்.

இதை எல்லாரும் கவனியுங்கள். 70-க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. வோக்ளிபோஸ், அக்கார்போஸ் மாத்திரைகள் குடலில் மாவுச்சத்தும் சாதாரணச் சர்க்கரையும் உடைவதையே தாமதப்படுத்துகின்றன. அதனால் சீனி போட்ட டீ சட்டென்று வேலை செய்யாது. குளுக்கோஸ் பொடிதான் வேண்டும்: 15 கிராம், ஏறக்குறைய மூன்று தேக்கரண்டி, தண்ணீரில். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. கல்லாப்பெட்டியில் ஒரு பொட்டலம் இருக்கட்டும். டாக்டரிடம் இந்த வாரமே சொல்லுங்கள், அடுத்த அப்பாயிண்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம்.

வாஷி, ஐடி ஊழியர்: கையில் ஒட்டும் சென்சார் வாங்கலாமா?

காசு இருந்தால் ஒரு முறை இரண்டு வாரம் ஒட்டிப் பாருங்கள், தட்டில் எது ஏற்றுகிறது என்று படமாகவே தெரியும். அது தோலுக்கடியில் உள்ள நீரில் அளக்கிறது, ரத்தத்தைவிடச் சில நிமிடம் பின்தங்கும். உடம்பு ஒன்று சொல்லி, சென்சார் வேறு சொன்னால் விரலில் குத்திப் பாருங்கள்.