பொதுக் காரணி எடுக்கையில் எங்கே சறுக்குகிறது? கேள்வி-பதில்

(மாறிகளை க, ச, ப, ம என்று குறித்திருக்கிறோம்.)

கேள்வி: 12க³ச² − 18க²ச³ + 6க²ச² என்ற கோவைக்கு 6க²ச²(2க − 3ச) என்று எழுதினேன். தவறு என்கிறார்கள். பொதுக் காரணி சரிதானே?

பதில்: பொதுக் காரணி சரி. 12, 18, 6 ஆகிய கெழுக்களின் (மாறிகளுக்கு முன்னுள்ள எண்களின்) மீப்பெரு பொதுக் காரணி (மீ.பொ.கா) 6. மாறிகளில் எல்லா உறுப்புகளிலும் உள்ள மிகக் குறைந்த அடுக்கு: க², ச². கோட்டை விட்டது கடைசி உறுப்பில். 6க²ச²-ஐ வெளியே எடுத்ததும் அங்கே ஒன்றும் மிஞ்சவில்லை என்று நினைத்துவிட்டீர்கள். மிஞ்சுவதே அந்த ஒன்றுதான். நடப்பது வகுத்தல், கழித்தல் அல்ல. எனவே 6க²ச²(2க − 3ச + 1). கோவையில் மூன்று உறுப்புகள் என்றால் அடைப்புக்குறிக்குள்ளும் மூன்று இருக்க வேண்டும், எண்ணிப் பாருங்கள்.

சரிபார்க்க க = 2, ச = 3 என்று இடுங்கள். கோவை: 864 − 1944 + 216 = −864. உங்கள் விடையில் −1080 வரும், திருத்தியதில் −864. எல்லா மாறிக்கும் 1 போடுவது சுலபம்தான். ஆனால் 1-இன் எந்த அடுக்கும் 1 என்பதால், அடுக்கில் செய்த பிழை அதில் பிடிபடாது.

கேள்வி: −4ப² + 8ப − 12 இல் 4 எடுப்பதா, −4 எடுப்பதா?

பதில்: இரண்டும் சரி. முதல் உறுப்பு குறை என்றால் −4 எடுப்பது வழக்கம். அப்போது உள்ளே எல்லாக் குறிகளும் மாறும்: −4(ப² − 2ப + 3). முதல் குறியை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்திவிடுபவர்களே அதிகம்.

கேள்வி: க(ப − ம) + ச(ம − ப). இதில் பொதுக் காரணியே இல்லையே?

பதில்: ஒளிந்திருக்கிறது. ம − ப = −(ப − ம). ஆகவே க(ப − ம) − ச(ப − ம) = (ப − ம)(க − ச). இரண்டாம் உறுப்பு ச(ம − ப)² என்றிருந்தால் குறி மாறாது. இரண்டு குறைகள் பெருகி மிகையாகிவிடும். விடை (ப − ம)[க + ச(ப − ம)]. பழக்க தோஷத்தில் அங்கும் குறை போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: 9க + 4ச?

பதில்: 1 தவிர வேறு பொதுக் காரணி இல்லை. அப்படியே விடுங்கள்.

கேள்வி: 3க² = 12க. இருபுறமும் 3க-ஆல் வகுத்தால் க = 4. விடைப் பக்கத்தில் இரண்டு மதிப்புகள் இருக்கின்றனவே?

பதில்: க பூச்சியமாகவும் இருக்கலாம்; பூச்சியத்தால் வகுக்க முடியாது. க-ஆல் வகுத்தபோதே அந்த விடை கைநழுவிவிட்டது. எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவாருங்கள்: 3க² − 12க = 0, அதாவது 3க(க − 4) = 0. க = 0 அல்லது 4. வெறும் 3-ஆல் வகுப்பதில் ஆபத்தில்லை.