நெடிய ஆளுக்குச் சின்ன விமானம்: கொள்ளுமோ, கொள்ளாதோ?

புல்வெளி, ஆற்றுச் சரளை, காட்டுக்குள் வெட்டிவிட்ட மண் ஓடுபாதை என்று கண்ட இடத்திலும் இறங்கி எழும்பும் சின்ன விமானங்களைப் பற்றி வந்த கேள்விகள் இவை. கேட்டவர்களில் சிலர் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறார்கள், சிலர் இங்கிருந்து கனடா போனவர்கள். எல்லாரும் ஆறடிக்கு மேல்.

கேள்வி (கொக்குவில், இப்போது ஸ்கார்பரோ): அண்ணை, நான் 6 அடி 4 அங்குலம், 230 இறாத்தல். லைசென்ஸ் செஸ்னா 172இல எடுத்தனான். பைப்பர் சுப்பர் கப் ஒண்டு வாங்க யோசிக்கிறன். அதுக்குள்ள நான் கொள்ளுவனோ?

பதில்: தம்பி, 6 அடி 4 என்பதை வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது. அந்த உயரம் உங்களுக்கு இடுப்புக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஒரே உயரமான இரண்டு பேரை இருத்திப் பார்த்தால் தலை இரண்டு மூன்று அங்குலம் கூடிக் குறையும். அந்த இரண்டு அங்குலம்தான் விமானத்தைத் தீர்மானிக்கும்.

வீட்டில் முதலில் மூன்று அளவு எடுங்கோ. குஷன் இல்லாத பலகை ஸ்ரூலை சுவரோடு ஒட்டி வைத்து நிமிர்ந்து இருங்கோ. தலைக்கு மேல் ஒரு தடித்த புத்தகத்தைச் சமமாகப் பிடிக்கச் சொல்லி, ஸ்ரூல் தட்டிலிருந்து புத்தகத்தின் அடி வரை அளக்க வேண்டும். இரண்டாவது, சுவரிலிருந்து முழங்கால் சில்லின் முன்பக்கம் வரை. மூன்றாவது, சப்பாத்துப் போட்டபடி நிலத்திலிருந்து முழங்காலின் மேல் வரை. முதல் அளவு தலைக்கு. மற்ற இரண்டும் கருவிப் பலகையின் கீழ் விளிம்புக்கும் பெடலுக்கும்.

பிறகு விமானத்துக்குள் ஏறி, ஹெட்செற் போட்டு, தோள் பெல்ற்றையும் இறுக்கிக்கொண்டு இருங்கோ. பெல்ற் போடாமல் இருந்து பார்த்து "வடிவாய்க் கொள்ளுது" என்று சொல்லுகிறவர்கள்தான் கூட. முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்றாக இரண்டே கதிரை உள்ள சுப்பர் கப்பில் முன் கண்ணாடிக்கு மேலும் உங்கள் தலைக்கு மேலும் உருக்குக் குழாய்கள் குறுக்கே ஓடுகின்றன. தலைக்கும் மிகக் கிட்டிய குழாய்க்கும் இடையில் உங்கள் கை முட்டி நுழைய வேண்டும். காற்றுக் குழப்பத்தில் பெல்ற் இழுபட்டு உடம்பு எழும்பும், அப்போது இந்த முட்டி அளவு இடம் போதாமலும் போகலாம். ஹெல்மெற் போடுவதாக இருந்தால் ஹெல்மெற்றோடேயே பாருங்கோ.

அடுத்தது ஸ்ரிக், அதாவது இரண்டு காலுக்கும் நடுவில் நிற்கும் ஓட்டும் தடி. வயிற்றுப் பக்கம் முழுக்க இழுத்து, அப்படியே இடது மூலைக்கும் வலது மூலைக்கும் கொண்டுபோங்கோ. தொடையில் தட்டி நிற்கிறதென்றால், குறுக்குக் காற்றில் இறங்கும்போது உங்களுக்குத் தேவைப்படும் கடைசி இரண்டு அங்குல அசைவு இல்லை என்று அர்த்தம். நெடிய ஆளுக்கு முழங்கால் மடிந்து தொடை உயர்ந்து நிற்பதால் வருகிற வினை இது. றடரை (வால் துடுப்பைத் திருப்பும் காற்பெடல்) இரு பக்கமும் கடைசி வரை தள்ளிப் பாருங்கோ, பிறேக் அமத்துப்படக் கூடாது. இவ்வளவும் முடிந்த பிறகு அரை மணித்தியாலம் சும்மா உள்ளே இருங்கோ. ஐந்து நிமிடத்தில் இடுப்பு ஒன்றும் சொல்லாது.

இதெல்லாம் சரியென்றால் சுப்பர் கப் உங்களுக்கு ஆகும். ஆனால் பழைய ஜே-3 கப்பை இதோடு ஒன்றாக நினைக்காதேங்கோ. அதில் பெற்றோல் தாங்கி முன்னுக்கு இருப்பதால் தனியாகப் பறக்கும்போது பின் கதிரையில்தான் இருக்க வேண்டும். சுப்பர் கப்பில் தாங்கிகள் இறக்கைக்குள், தனியாள் முன்னுக்கு இருக்கலாம்.

கேள்வி (அதே ஆள்): பாரம் பிரச்சினை வருமோ?

பதில்: இடத்தை விட அதுதான் முதலில் வரும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கோ. 150 குதிரைவலுச் சுப்பர் கப்பின் உச்ச எடை 1,750 இறாத்தல். பெரிய ரயர், கூடுதல் பொதிப் பெட்டி எல்லாம் பூட்டின ஒன்றின் வெற்று எடை 1,180 என்று வையுங்கோ. மிச்சம் 570. நீங்கள் 230. முழுப் பெற்றோல் 36 அமெரிக்கக் கலன், கலனுக்கு 6 இறாத்தல், ஆக 216. மிஞ்சுவது 124. 180 இறாத்தல் கூட்டாளி பின்னால் ஏறினால் முழுத் தாங்கியோடு கிளம்ப ஏலாது. அவரையும் 20 இறாத்தல் பொதியையும் ஏற்றினால் பெற்றோலுக்கு மிஞ்சுவது 140 இறாத்தல், ஏறத்தாழ 23 கலன். மணிக்கு எட்டு, ஒன்பது கலன் குடிக்கும் எஞ்சினுக்கு, அவசரத்துக்கு ஒதுக்கும் பெற்றோலை விட்டுப் பார்த்தால் இரண்டு மணித்தியாலப் பறப்பு.

விற்பவர் சொல்லும் வெற்று எடையை எடுக்க வேண்டாம். அந்த விமானத்தின் கடைசி நிறுவைப் பத்திரத்தைக் கேளுங்கோ. அது பத்து வருடப் பழசு, அதற்குப் பிறகு ரயரும் றேடியோவும் மாற்றியிருக்கிறார்கள் என்றால், திரும்ப நிறுக்கும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கோ.

எடை கூடினால் ஓட்டமும் கூடும். எடை 10 வீதம் கூட, கிளம்பும் தூரம் ஏறத்தாழ 20 வீதம் கூடும் என்பது விமானிகள் பாவிக்கும் கணக்கு.

கேள்வி (மானிப்பாய்): பக்கத்தில பக்கத்தில இருக்கிற கதிரை நல்லதோ, முன்னுக்குப் பின்னுக்கோ? நான் நல்ல அகலமான ஆள், உயரம் 6 அடி 3.

பதில்: தோள் அகலமென்றால் பக்கத்துப் பக்கக் கதிரையில் இருவர் தோளும் உரசும். செஸ்னா 172 உள்ளே ஏறத்தாழ 40 அங்குலம், 180உம் 182உம் 42 அங்குலம். இரண்டு அங்குலம் என்று சிரிக்க வேண்டாம், இருவர் தோளுக்கு அது பெரிய வித்தியாசம்.

ஆனால் நெடிய ஆளுக்கு அகலத்தை விடப் பெரிய விஷயம் கண் எங்கே நிற்கிறது என்பது. மேல் இறக்கை விமானத்தில் உங்கள் கண் இறக்கையின் அடிக்கு மேலே போய்விட்டால், பக்கத்தில் பார்க்கும்போது தெரிவது இறக்கையின் வேர் மட்டும். ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்க்க வேண்டும். மலைக்கு நடுவில் குறுகிய பள்ளத்தாக்கில் வளையும்போது குனிந்து பார்க்கிற வேலை சரிவராது. முன்பின் கதிரை விமானங்களில், சுப்பர் கப், ஏவியற் ஹஸ்கி, அமெரிக்கன் சாம்பியன் ஸ்கௌற் போன்றவற்றில், நீங்கள் நடுவில் இருக்கிறீர்கள், இரு பக்கமும் ஒரே மாதிரிப் பார்வை. கூரைக் கண்ணாடி இருந்தால் வளையும் பக்கத்தை மேலாலேயே பார்க்கலாம்.

என்னைக் கேட்டால், தனியாகவோ ஒருவரோடோ பறப்பவருக்கு முன்பின் கதிரைதான். மனிசி பிள்ளைகளோடு போவதென்றால் 182. 182க்கு மூன்றாவது சக்கரம் வாலில் இல்லை, மூக்கின் கீழே; காட்டு ஓடுபாதைகளில் பறக்கும் விமானிகள் அதைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பார்கள், அதை விடுங்கோ. பிந்திய 182களில் கதிரையை உயர்த்திப் பதிக்கலாம், நெடியவருக்கு அது பெரிய உதவி. வாங்கும்போது முன் சக்கரம் பூட்டியிருக்கும் தீச்சுவர்த் தகடு (எஞ்சினுக்கும் ஆட்கள் இருக்கும் அறைக்கும் இடையிலான தகடு) நெளிந்திருக்கிறதா என்று எஞ்சின் மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். முன் சக்கரத்தில் குத்தி இறக்கின 182களில் அந்தத் தகடுதான் முதலில் நெளியும், திருத்தச் செலவு பெரிசு.

செஸ்னா 140, லஸ்கொம் 8, ரெயிலர்கிராப்ற் மூன்றும் மலிவாக வரும், நல்ல விமானங்களும்தான். உங்கள் அகலத்துக்கு அல்ல.

கேள்வி (மொன்றியல்): செஸ்னா 180 ஒண்டு பாத்திருக்கிறன். கதிரையைக் கடைசித் துளைக்குத் தள்ளினால்தான் எனக்குக் கால் நீட்டலாம். பரவாயில்லையோ?

பதில்: பரவாயில்லை, ஆனால் கதிரை ஓடும் தண்டவாளத்தைப் பாருங்கோ. செஸ்னாக் கதிரை, துளையில் விழும் ஒரு ஊசியால்தான் நிற்கிறது. துளை தேய்ந்து நீள்வட்டமானால் ஊசி பாதிதான் இறங்கும். கிளம்பி மூக்கு எழும்பும்போது கதிரை சடாரென்று பின்னால் போகும், கையில் பிடித்திருக்கும் யோக்கும் (ஓட்டும் கைப்பிடி) கூடவே வரும், மூக்கு இன்னும் எழும்பும். இதில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். இதற்காகவே அமெரிக்க விமானப் பாதுகாப்பு உத்தரவு ஒன்று நிற்கிறது: முன்பு 87-20-03, இப்போது 2011-10-09. பரிசோதனைப் புத்தகத்தில் அந்த இலக்கத்தைத் தேடுங்கோ. செஸ்னா கொண்டுவந்த, கதிரை ஓடாமல் பிடிக்கும் இரண்டாவது நிறுத்தி பூட்டியிருக்கிறதா என்றும் பாருங்கோ. தண்டவாளத்தின் கடைசி முனையில் இருக்கும் நிறுத்தும் ஆணி கழன்றிருந்தால் நெடியவருக்குத்தான் முதல் ஆபத்து, ஏனென்றால் நீங்கள் அந்த முனையில்தான் எப்போதும் இருக்கப் போகிறீர்கள்.

ஒவ்வொரு தடவையும் கதிரையைப் பதித்த பிறகு, இரண்டு கையாலும் கதவுச் சட்டத்தைப் பிடித்து உடம்பைப் பின்னால் ஒரு உலுக்கு உலுக்குங்கோ. யோக்கைப் பிடித்து உலுக்கக் கூடாது.

கேள்வி (நல்லூர்): கதிரையைப் பின்னுக்குத் தள்ளினால் பாரச் சமநிலை குழம்பாதோ?

பதில்: நினைக்கிற அளவுக்கு இல்லை. 230 இறாத்தல் ஆள் 3 அங்குலம் பின்னால் போனால், பெருக்கினால் 690. விமானம் 1,600 இறாத்தல் என்றால், அதால் பிரிக்க, ஈர்ப்பு மையம் (பாரம் சமநிலையில் நிற்கும் புள்ளி) நகர்வது 0.43 அங்குலம். அதே நேரம் 50 இறாத்தல் கூடாரப் பொதியை 40 அங்குலம் பின்னுக்கு வைத்தால் 2,000, நகர்வு 1.25 அங்குலம். பொதியைக் கவனியுங்கோ.

கேள்வி (சாவகச்சேரி, பெடியன்): அண்ணை, நான் இரத்மலானையில பயிற்சி எடுக்கப் போறன். 6 அடி 2, 86 கிலோ. செஸ்னா 152 எண்டால் சமாளிக்கலாமோ?

பதில்: சமாளிக்கலாம் தம்பி, நெருக்கமாக. 152இன் உச்ச எடை 1,670 இறாத்தல், பாவிக்கக்கூடிய பெற்றோல் 24.5 கலன், அதாவது 147 இறாத்தல். வெற்று எடை 1,140 அளவில் நின்றால் மிச்சம் 530. நீங்கள் 190, ஆசிரியரும் 190 என்றால் பெற்றோலோடு 527. ஆகவே ஆசிரியர் தடித்தவர் என்றால் தாங்கியை நிரப்பக் கூடாது, அதை அவரே சொல்லுவார். யோக்கைத் திருப்பும்போது முழங்காலில் தட்டும். கதிரையை இன்னொரு துளை பின்னால் எடுத்து, முழங்கால்களை வெளிப்பக்கம் விரித்து இருங்கோ. பள்ளியில் 172 இருந்தால் காசு கொஞ்சம் கூடினாலும் அதைக் கேட்டுப் பாருங்கோ.

கேள்வி (பருத்தித்துறை): என்ர சப்பாத்து 12. பெடலில சிக்குமோ?

பதில்: சிக்கும். செஸ்னாவில் பிறேக் பெடலின் மேல்பக்கத்தில். நீண்ட பாதம் றடரைத் தள்ளும்போதே பிறேக்கையும் அமத்திவிடும். வால்சக்கர விமானம் பிறேக் அமத்தினபடி நிலத்தைத் தொட்டால் மூக்குக் குத்திக் கவிழும். குதிக்காலை நிலத்தில் ஊன்றி, பாதத்தின் முன்பக்கத்தைப் பெடலின் கீழ்க் குழாயில் வைத்துப் பழகுங்கோ. சுப்பர் கப்பில் பிறேக் குதிக்காலால் அமத்துவது, அங்கே பிரச்சினை வேறு: பாதத்தைத் திருப்பிக் குதியைக் கொண்டுபோக இடம் வேண்டும். எதற்கும் தடித்த அடியுள்ள மலைச் சப்பாத்தோடு ஏறாதேங்கோ. மெல்லிய அடி, ஒடுங்கின முனை. மலைச் சப்பாத்துப் பொதியில் வரட்டும்.

கேள்வி (உரும்பிராய்): தலை இடிக்குது. கதிரைக் குஷனைக் கழட்டிப் போட்டு இருந்தால் என்ன?

பதில்: கழற்ற வேண்டாம். சரளையில் பலமாக இறங்கினால் அந்த அடி நேரே முதுகெலும்புக்குப் போகும். நாலு அங்குல மெத்தென்ற ஸ்பொஞ்ச் இருந்தால், அது நீங்கள் இருந்தவுடனேயே அமுங்கிப் பலகையைத் தொடுகிறது, பாதுகாப்பும் இல்லை உயரமும் நட்டம். அதற்குப் பதிலாக அடியை உறிஞ்சும் கெட்டி நுரை இரண்டு அங்குலம் போட்டால் தலைக்கு ஒரு அங்குலமாவது கிடைக்கும், இருக்கவும் வசதி. சான்றிதழ் பெற்ற விமானத்தில் நுரையும் உறைத் துணியும் தீப்பிடிக்காத வகை என்ற அனுமதி வேண்டும், பொறியியலாளர் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

கூடவே தோள் பெல்ற் பூட்டியிருக்கும் இடத்தைப் பாருங்கோ. அது உங்கள் தோள் மட்டத்திலோ சற்று மேலோ இருக்க வேண்டும். நெடிய ஆளின் தோளுக்கு அது கீழே போய்விட்டால், மோதும்போது பெல்ற் தோளைக் கீழ்நோக்கி இழுத்து முதுகெலும்பை அமத்தும்.

அளவுக்கு மிஞ்சிப் பதிந்து இருப்பதும் நல்லதல்ல. வால்சக்கர விமானத்தில் நெடிய ஆளுக்குக் கிடைக்கும் ஒரே கொடுப்பினை, மூக்குக்கு மேலால் ஓடுபாதை தெரிவது. அதைக் குஷனோடு சேர்த்துக் கழற்றிப் போடாதேங்கோ. 31 அங்குலப் பலூன் ரயர் பூட்டினால் மூக்கு இன்னும் உயரும், அப்போது அந்தப் பார்வை இன்னும் தேவைப்படும்.

கேள்வி (வன்கூவர்): கிற்பொக்ஸ் பெட்டியை வாங்கி நானே பூட்டினால்?

பதில்: கிற்பொக்ஸ் பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டும் விமானம். நெடியவருக்கு அது நல்ல வழி, ஏனென்றால் கதிரைச் சாய்வையும் பெடல் தூரத்தையும் மூடும் முன்பே உங்கள் உடம்புக்குப் பார்த்து வைக்கலாம். பழைய 4ஆம் மாதிரி வரையானவை ஒடுக்கம், 5 தொடக்கம் பெரிசு. துணி போர்த்த முன் வெறும் கூட்டுக்குள் கதிரை வைத்து ஸ்ரிக்கை நாலு மூலைக்கும் ஆட்டிப் பாருங்கோ. துணி போர்த்த பிறகு ஒரு அங்குலம் நகர்த்துவது ஒரு மாத வேலை. சுப்பர் கப்பைப் போன்ற பாரம் குறைந்த கார்பன் கப்பைப் பற்றியும் இன்னொருவர் கேட்டிருந்தார்: அமெரிக்காவின் பழைய இலகு விளையாட்டு விமான விதிப்படி பதிவானது என்றால் உச்ச எடை 1,320 இறாத்தல். மேலே சுப்பர் கப்புக்குப் போட்ட கணக்கை அந்த எண்ணோடு திரும்பப் போட்டுவிட்டு முடிவெடுங்கோ.

கேள்வி (குடத்தனை): மணற்காட்டு மணலில இப்பிடி ஒண்டை இறக்க ஏலுமோ?

பதில்: அனுமதி தனிக் கதை, அது சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையிடம். பொறிமுறையாகப் பார்த்தால், மேட்டு மணல் கூடவே கூடாது. காய்ந்த மணல் சில்லைப் பிடித்து இழுக்கும், மூக்குக் குத்தும். அலை வந்து போன ஈர விளிம்புதான் கெட்டி, அதுவும் கடற்பக்கம் சரிந்திருக்கும். எங்கள் வெயிலையும் சேருங்கோ: 34 பாகை என்றால், விமானக் கணக்குகளுக்கு அடிப்படையான நியம வெப்பநிலை 15 பாகையை விட 19 கூட, 10 பாகைக்கு 10 வீதம் என்ற கணக்கில் கிளம்பும் தூரம் ஏறத்தாழ 20 வீதம் நீளும். மிருதுவான தரைக்குக் குறைந்தது 25 வீதம். இரண்டையும் பெருக்கினால் ஒன்றரை மடங்கு. புத்தகத்தில் 600 அடி என்று போட்டிருந்தால் 900.

அதோடு உப்பு. துணி போர்த்த விமானத்தின் உருக்குக் குழாய் உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும், முதலில் வால் பக்கத்துக் கீழ்க் குழாயில், தண்ணீர் தேங்குகிற இடத்தில். பைப்பரில் இறக்கைத் தாங்கு கம்பிகளையும் 24 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும். உள்ளே அடைத்து மூடின புதுக் கம்பி பூட்டினால் அந்தத் திரும்பத் திரும்பப் பரிசோதனை தேவையில்லை. கடற்கரையில் வைத்திருப்பவர் அந்தக் கம்பியையே கேட்டு வாங்க வேண்டும்.