கிளைக்கால் சில்லர்: வாசகர் கேள்வி – பதில்

கே: கொட்டகையில் பியர் காய்ச்சுகிறேன். கோடையில் உள்ளே 38 டிகிரி. 23 லிட்டர் ஸ்டீல் ஃபெர்மென்டரில் (பியர் நொதிக்கும் கலன்) குளிர்சுருள் இருக்கிறது. பழைய ஜன்னல் ஏசியை வைத்து கிளைக்கால் சில்லர் செய்துகொள்ள முடியுமா? – வாசகர், மெல்பர்ன்

ப: முடியும். கிளைக்கால் என்பது நீரை எளிதில் உறையவிடாத திரவம். அது கலந்த நீரை ஒரு பெட்டியில் பூஜ்யத்துக்குக் கீழே குளிர்வித்து, ஃபெர்மென்டரின் சுருள் வழியாகப் பம்ப் செய்து பியரைக் குளிர்விப்பதுதான் கிளைக்கால் சில்லர். 5,000 பி.டி.யூ. (ஏசியின் குளிர்விக்கும் திறனைச் சொல்லும் அளவு) ஏசியே தாராளம். 23 லிட்டர் பியரை 20 டிகிரியிலிருந்து 2 டிகிரிக்கு இறக்க, சுமார் 1,700 கிலோஜூல் வெப்பத்தை வெளியே எடுக்கவேண்டும். ஈஸ்ட் நொதிக்கும்போது விடும் வெப்பம் அதைவிடக் குறைவு. ஏறத்தாழ 1,000 கிலோஜூல், அதுவும் பல நாட்களில் பரவி வருவது. அந்த ஏசியின் பெயர்ப்பலகைத் திறன் 1,465 வாட். அறைக்காற்றைக் குளிர்விக்கும்போதுதான் அது கிடைக்கும். பூஜ்யத்துக்குக் கீழே உள்ள திரவத்தில் பாதி கிடைத்தாலே பெரிது. அந்தப் பாதியும் உங்களுக்கு அதிகம்தான். அதனால் பெரிய ஏசி தேடாதீர்கள், அந்தப் பணத்தை இன்சுலேஷனில் போடுங்கள்.

குமிழ் திருகும் பழைய மாடலாகப் பாருங்கள். ரிமோட் மாடல்களின் சர்க்யூட் போர்டு, சுருள் உறைகிறது என்று நினைத்து நிறுத்திவிடும். மின்சாரம் போய் வந்தால் தானாக ஓடத் தொடங்காத மாடல்களும் உண்டு. லேபிளில் ஆர்-290 என்றிருந்தால் அது புரோப்பேன், எரியும் வாயு. அதைத் தொடவே வேண்டாம்.

பிளக்கைப் பிடுங்கியபின் கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும். அதை முறையாக இறக்கத் தெரியாதவர் உறையைக் கழற்றக்கூடாது. ஏசியின் முன்பக்கக் குளிர்சுருளின் திருகுகளை எடுங்கள். அதன் பின்னாலிருக்கும் உருளை விசிறியைக் கழற்றிவிடலாம். அதே தண்டில் மறுமுனையிலுள்ள கன்டென்சர் விசிறி (வெப்பத்தை வெளியே தள்ளும் பின்பக்கச் சுருளுக்கானது) கட்டாயம் சுழலவேண்டும். பிறகு செம்புக் குழாய்களைப் பெரிய வளைவாக, மெதுவாக வளைத்து, சுருளை 50 லிட்டர் ஐஸ் பெட்டிக்குள் இறக்குங்கள். இந்த வேலையில் ஏசிகள் சாவது பெரும்பாலும் இங்கேதான். குழாய் ஒருமுறை மடங்கிவிட்டால் நேராக்க முடியாது, விரிசல் விட்டால் கேஸ் போய்விடும். வெட்டி ஒட்டும் யோசனை வேண்டாம். ஆஸ்திரேலியாவில் ஏசி கேஸ் சுற்றைத் திறக்க லைசென்ஸ் வேண்டும்.

ஏசியின் சொந்த தெர்மோஸ்டாட் முனையைப் பெட்டிக்கு வெளியே காற்றில் தொங்கவிட்டு, குமிழை அதிகக் குளிரில் வையுங்கள். எப்போதும் ஓடத் துடிக்கும். (குளிர்காலத்தில் கொட்டகையே குளிர்ந்துவிட்டால் ஓடாது, அப்போது எலெக்ட்ரீஷியனைக் கொண்டு அதைத் தாண்டி இணைப்புக் கொடுக்கவேண்டும்.) ஓட்டுவதும் நிறுத்துவதும் வெளியிலுள்ள டெம்பரேச்சர் கன்ட்ரோலரின் வேலை. அதன் சென்சார் திரவத்தில் இருக்கட்டும், சுருளைத் தொடக்கூடாது. 0 டிகிரியில் ஓடத் தொடங்கி -3-ல் நிற்கட்டும். கம்ப்ரசர் தாமதம் 5 நிமிடம் வையுங்கள். நின்றவுடனே மறுபடி கிளப்பினால், அழுத்தம் சமமாகாத நிலையில் மோட்டார் திணறிச் சூடேறும். 36 லிட்டர் திரவமிருந்தால் ஒவ்வொரு முறையும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஓடும், அது நல்ல ஓட்டம். சின்னத் தொட்டி வைத்தால் நின்று நின்று ஓடியே கம்ப்ரசர் தேய்ந்துவிடும்.

கன்ட்ரோலரின் ரிலே கம்ப்ரசரின் தொடக்க மின்னோட்டத்தைத் தாங்குமா என்று பாருங்கள். சந்தேகமென்றால் நடுவில் ஒரு கான்டாக்டர் (அதிக மின்னோட்டம் தாங்கும் பெரிய ரிலே) போடுங்கள். உலோகச் சட்டத்துக்கு எர்த், லைனில் ஆர்.சி.டி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம்), இவை இரண்டும் இல்லாமல் ஓட்டக்கூடாது.

கே: கிளைக்கால் விலை அதிகமாக இருக்கிறது. கார் கூலன்ட் ஊற்றினால் என்ன? – வாசகி, டொராண்டோ

ப: கூடாது. கார் கூலன்ட் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால். சிறுநீரகத்தை அழிக்கும் விஷம், அதிலும் இனிப்பான விஷம். சுருளில் ஊசித்துளை விழுந்தால் அது பியரில் கலக்கும், நாக்கு காட்டிக்கொடுக்காது. உணவுத் தர புரோப்பிலீன் கிளைக்கால்தான் வாங்கவேண்டும். உங்கள் ஊரில் கேரவன் குழாய்களுக்கு ஊற்றும் இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸில் சிலவற்றில் எத்தனால் இருக்கும். பெரும்பாலானவை முன்கூட்டியே நீர் கலந்தவை. அளவு தெரியாத சரக்கை நம்பிக் கணக்குப் போட முடியாது.

12 லிட்டர் கிளைக்காலுக்கு 24 லிட்டர் காய்ச்சி வடித்த நீர், அதாவது மூன்றில் ஒரு பங்கு. சுமார் -15 டிகிரி வரை உறையாது. திரவம் -3-தானே, இவ்வளவு எதற்கு என்று கேட்கலாம். சுருளின் மேற்பரப்பு திரவத்தைவிட 10 டிகிரி வரை குளிர்ந்திருக்கும், உறைவது அங்கேதான். அதற்காகப் பாதிக்குப் பாதி ஊற்றவும் வேண்டாம்: கெட்டியாகி பம்ப் திணறும், வெப்பம் கடத்துவதும் குறையும். 20 சதவீதத்துக்குக் கீழே போனால் அதில் கிருமிகள் வளரும். குழாய் நீர் வேண்டாம். அதிலுள்ள குளோரைடு சுருளின் அலுமினியத் தகடுகளை அரித்துவிடும். அரிப்புத் தடுப்பான் சேர்த்த உணவுத் தரக் கிளைக்கால் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

கே: இதைக் கோவையில் வீட்டில் அமைக்கலாமா? – வாசகர், கோயம்புத்தூர்

ப: சில்லர் செய்வது குற்றமில்லை. ஆனால் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி, தமிழ்நாட்டில் உரிமமின்றி பியர் காய்ச்சுவது குற்றம், சொந்தக் குடிப்புக்கானாலும் சரி.

கே: மூன்று மாதம் நன்றாக ஓடியது. இப்போது கம்ப்ரசர் நிற்காமல் ஓடியும் திரவம் 2 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. கேஸ் தீர்ந்துவிட்டதா? – வாசகர், லண்டன்

ப: முதலில் மூடியைத் திறந்து சுருளைப் பாருங்கள். பனிக்கட்டி கவசம்போல மூடியிருந்தால் கேஸ் அல்ல, கலவைதான் காரணம். மூடி சரியாகப் பொருந்தாத பெட்டியில் காற்றின் ஈரம் படிந்து படிந்து கிளைக்கால் நீர்த்துப்போகும். பனி போர்த்திய சுருள் திரவத்திலிருந்து வெப்பத்தை இழுக்காது. ஆவியாகாத கேஸ் திரவமாகவே கம்ப்ரசருக்குத் திரும்பும், அது கம்ப்ரசரைக் கொல்லும். ஆகவே உடனே நிறுத்துங்கள்.

ஒரு கோப்பைக் கலவையை -18 டிகிரி ஃப்ரீசரில் ஓரிரவு வையுங்கள். கூழாக இருந்தால் சரி, கல்லாக இறுகினால் நீர்த்துவிட்டது. ரிஃப்ராக்டோமீட்டரில் (ஒளி விலகலை வைத்துக் கலவையின் அடர்வை அளக்கும் கருவி) புரோப்பிலீன் கிளைக்கால் அளவுகோல் இருந்தால் இன்னும் துல்லியம். தேவையானதைச் சேர்த்து, மூடி விளிம்பை ஃபோம் பட்டையால் அடையுங்கள். தொட்டிக்குள்ளேயே ஒரு சின்ன பம்ப் எப்போதும் கலக்கிக்கொண்டிருக்கட்டும். அசையாத திரவத்தில் நல்ல கலவைகூடச் சுருளருகே கூழாகும். சுருளில் பனியே இல்லை, தொட்டால் குளிருமில்லை என்றால்தான் கேஸ் கசிவு. அது மெக்கானிக்கின் வேலை.

கே: இரண்டு ஃபெர்மென்டர்கள். ஒன்றில் 19 டிகிரியில் ஏல் வகை பியர், மற்றொன்றில் 11-ல் லாகர் வகை. ஒரே பம்ப் போதுமா? – வாசகர், சிட்னி

ப: ஃபெர்மென்டருக்கு ஒரு பம்ப், ஒரு கன்ட்ரோலர். 3 மீட்டராவது தூக்கும் நீர்மூழ்கி பம்ப் வாங்குங்கள். குளிர்ந்த கிளைக்காலில் பெயர்ப்பலகை உயரம் கிடைக்காது. திரும்பும் குழாய்களை ‘T’ வடிவ இணைப்பு போட்டுச் சேர்த்தால் ஒன்றின் ஓட்டம் மற்றதற்குள் பின்னோக்கிப் புகும். தனித்தனியாகத் தொட்டிக்கே கொண்டுவாருங்கள். 12 மில்லிமீட்டர் சிலிக்கான் டியூப் நல்லது, பி.வி.சி. குளிரில் விறைத்துவிடும். மேலே 13 மில்லிமீட்டர் கருப்பு ரப்பர் இன்சுலேஷன் போடுங்கள். லாகரைக் குளிரடிக்காத வரை (நொதித்து முடிந்தபின் 2 டிகிரி அருகே இறக்குவதுதான் குளிரடிப்பது) தொட்டியை 5 டிகிரியிலேயே வைக்கலாம். -3-ல் வைத்தால் பம்ப் ஒரு நிமிடம் ஓடினாலும் ஏல் இலக்கைத் தாண்டி இறங்கிவிடும்.

கே: கடைசியில் குளிரடிக்கும்போது பியர் 4 டிகிரியிலேயே நின்றுவிடுகிறது. ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத நீர்ப்பூட்டு) நீரும் உள்ளே போய்விடுகிறது. – வாசகர், பிரிஸ்பேன்

ப: பியர் சுமார் 3 டிகிரியில்தான் அதிக அடர்த்தி கொள்ளும். அதுவரை சுருளில் குளிர்ந்த பியர் கீழே இறங்கி, சூடானது மேலேறி, தானாகச் சுழலும். அதற்குக் கீழே சுழற்சி நின்று, குளிர்ந்தது சுருளருகேயே தங்கி உறையும்; அடியிலுள்ள சென்சார் 4 காட்டிக்கொண்டிருக்கும். இலக்கை 3 என்று வைத்து, தொட்டியை -1-க்கு ஏற்றுங்கள். பியர் -2 அருகில்தான் உறையத் தொடங்கும்.

20-லிருந்து 2-க்கு இறங்கும்போது மேலுள்ள வாயு 6 சதவீதம் சுருங்கும், கரியமில வாயுவும் பியரில் கூடுதலாகக் கரையும். அந்த வெற்றிடம்தான் நீரை இழுக்கிறது. நீருக்குப் பின்னால் ஆக்சிஜன் வரும். குளிரடிக்கும் முன் ஏர்லாக்கை எடுத்துவிட்டு, சிலிண்டரிலிருந்து 0.1 பார் அளவில் கரியமில வாயு கொடுங்கள். சிலிண்டர் இல்லையென்றால், நொதிக்கும்போதே அந்த வாயுவை ஒரு பலூனில் பிடித்து வைத்து இணைக்கலாம். வாயை இறுக்கி மூடி வைத்தால் மட்டும் போதாதா என்றால், பிளாஸ்டிக் ஃபெர்மென்டர் உள்நோக்கி நசுங்கிவிடும்.