வாசகர் கேள்வி – பதில்: சந்தன வெள்ளையா, சாம்பல் வெள்ளையா?

கேள்வி: எங்கள் வீட்டுக் கூடத்துக்குப் பெயின்ட் அடிக்க, ஷேடு கார்டிலிருந்து இரண்டு நிறங்களைத் தேர்ந்து வைத்திருக்கிறோம். ஒன்று இலேசான சந்தனச் சாயல் கொண்ட வெள்ளை. மற்றது சாம்பல் சாயல் கொண்டது. தனித்தனியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன. கூடத்துக்கு வடக்கே ஒரே ஒரு சன்னல். தரையில் ஐவரி டைல்ஸ். சுவரில் இப்போது இருப்பது இளம்பச்சை. எது பொருந்தும்?
– ஒரு வாசகி, கும்பகோணம்.

பதில்: சந்தனச் சாயலையே பரிந்துரைக்கிறேன், சன்னலைவிட உங்கள் தரைதான் அதற்கு முதற்காரணம். ஐவரி டைல்ஸில் ஏற்கெனவே மஞ்சள் கலந்திருப்பதால், சாம்பல் சாயல் கொண்ட சுவர் அதை ஒட்டி வரும்போது, சுவர் நீலம் பாய்ந்ததாகவும் தரை எத்தனை முறை துடைத்தாலும் அழுக்கேறியதாகவும் தோன்றும்.

வடக்கிலிருந்து வரும் வெளிச்சம் பெரும்பாலும் நேர் வெயிலாக இல்லாமல் வானத்தின் நீலம் கலந்த ஒளியாக இருப்பதும் சாம்பலுக்குப் பாதகமே. ஆனால், வடக்குச் சன்னலில் வெயிலே விழாது என்று குளிர்நாட்டு அலங்காரக் குறிப்புகள் சொல்வதை அப்படியே நம்பிவிட வேண்டாம். ஏறத்தாழ 11 பாகை வட அட்சரேகையில் இருக்கும் உங்கள் ஊரில், சித்திரை முதல் ஆவணித் தொடக்கம் வரை நண்பகல் சூரியனே உச்சிக்குச் சற்று வடக்கில்தான் நிற்கிறது. அந்த மாதங்களில் சந்தனம் கொஞ்சம் தூக்கலாகத் தெரியும். இரவில் நிறத்தை முடிவு செய்வது விளக்கு: 6500 கெல்வின் (விளக்கொளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) வெள்ளை எல்.இ.டி. சாயலை வெளிறச் செய்யும், 2700 கெல்வின் மஞ்சள் விளக்கு அதைக் கூட்டிக் காட்டும். இடைப்பட்ட 4000 கெல்வின் உங்கள் கூடத்துக்கு ஏற்றது.

முடிவெடுக்குமுன், இரண்டு நிறங்களையும் பச்சைச் சுவரின் மேல் நேரடியாகத் தீற்றிப் பார்க்காதீர்கள். சுற்றியுள்ள பச்சை கண்ணை ஏமாற்றி, எந்த வெள்ளையையும் சற்றுச் சிவந்ததாகக் காட்டும். பெரிய வெள்ளை அட்டைகளில் இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காய்ந்தபின் (எமல்ஷன் ஈரத்தில் ஒரு நிறமாகவும் காய்ந்தபின் சற்று அடர்ந்தும் தெரியும்), தரையைத் தொடும்படி சுவரோரம் நிறுத்தி, காலையிலும் பிற்பகலிலும் விளக்கொளியிலும் பாருங்கள். நான்கு சுவர்களும் ஒன்றின்மேல் ஒன்று ஒளியைத் திருப்பி வீசுவதால், அட்டையில் தெரிவதைவிடக் கூடத்தில் சாயல் கூடுதலாகவே இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். அப்படியும் மஞ்சள் மிகுதி என்று பட்டால், சாம்பலுக்குத் தாவாமல், அதே நிறத்தைச் சாயத்தின் அளவைப் பாதியாகக் குறைத்துக் கலந்து தருமாறு, கலவை இயந்திரம் உள்ள பெயின்ட் கடையில் கேளுங்கள்.