லினக்ஸில் சோர்ஸ் பொதியா, பைனரிப் பொதியா?

"ஒரே மென்பொருளுக்கு சோர்ஸ், பைனரி என்று இரண்டு பொதி (பேக்கேஜ்) கிடக்கிறதே, எதை எடுப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பைனரியை எடுங்கள். வெள்ளவத்தையில் இடியப்பம் பார்சல் கட்டி வாங்குகிற மாதிரி அது, பிரித்தவுடன் சாப்பிடலாம். சோர்ஸ், அதாவது மனிதர் எழுதிய மூல நிரல் என்றால் அரிசி வாங்கி வருவது. இடித்து, வறுத்து, பிழிந்து, அவிப்பது உங்கள் பாடு.

உபுண்டு லினக்ஸில் 'ஆப்ட் இன்ஸ்டால்' என்று கட்டளை கொடுத்தால் இறங்குவது பைனரிதான். கம்பைல் செய்த, அதாவது கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றிய நிரலோடு, கூடவே என்னென்ன லைப்ரரி (துணை நிரல்கள்) வேண்டும் என்ற பட்டியலும் அதற்குள் இருக்கும். ஆனால் அது ப்ராசஸரைப் பொறுத்தது. சாதாரண இன்டெல் மடிக்கணினிக்குச் செய்த பொதி வேறு வகை ப்ராசஸர் உள்ள ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் ஓடாது. சோர்ஸை எங்கே கம்பைல் செய்கிறீர்களோ, பெரும்பாலும் அந்த இயந்திரத்துக்கான பைனரி வந்துவிடும்.

டெபியன் லினக்ஸில் சோர்ஸ் பொதி ஒரே கோப்பு அல்ல. வழக்கமாக மூன்று: மென்பொருளை எழுதியவர்களின் மூல நிரல், டெபியன்காரர் சேர்த்த திருத்தங்கள், இரண்டையும் விவரிக்கும் சின்னக் கோப்பு. அந்த ஒரு சோர்ஸிலிருந்தே பல பைனரிப் பொதிகள் பிறக்கலாம்.

நானும் ஒருமுறை ஆசைப்பட்டு, 4 ஜிபி ராம் உள்ள மடிக்கணினியில் ஒரு பிரவுசரைக் கம்பைல் செய்யவிட்டுப் படுத்தேன். விடிய எழுந்து பார்த்தால் நினைவகம் போதாமல் பாதியில் நின்றிருந்தது. மின்விசிறிச் சத்தத்தில் தூக்கமும் போனதுதான் மிச்சம். சோர்ஸுக்கே பேர்போன ஜென்டூ லினக்ஸ்கூட 2023 டிசம்பரிலிருந்து பைனரிகளைப் பெருமளவில் தருகிறது!

நிரலில் நீங்களே ஏதாவது திருத்தவேண்டும், அல்லது உங்கள் லினக்ஸ் விநியோகத்தில் (உபுண்டு, டெபியன் மாதிரி) அணைத்துவைத்த வசதி ஒன்று தேவை என்றால் மட்டும் சோர்ஸ் பக்கம் போங்கள். அப்போதும் முதலில் 'ஆப்ட் பில்ட்-டெப்' கொடுத்து, கம்பைல் செய்யத் தேவையானவற்றை இறக்கிவிடுங்கள்.