பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது?

பணியிடப் புகார்களை விசாரிக்கும் பொறுப்பில் இருப்பவன் என்பதால், கேலி, பட்டப்பெயர் குறித்து நீங்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, சேர்ந்த புதிதில் ஒரு கூட்டத்தில் கண்ணயர்ந்துவிட்டேன். அன்றிலிருந்து நான் 'கும்பகர்ணன்'. புதிதாக வருபவர்களும் அப்படியே கூப்பிடுகிறார்கள்.

பதில்: புதியவர்களுக்கு உங்கள் தூக்கக் கதையே தெரிந்திருக்காது. கைபேசியில் உங்கள் எண்ணைக்கூட அந்தப் பெயரில்தான் சேமித்திருப்பார்கள். அவர்களைக் கோபித்துப் பயனில்லை. பெயரை ஓயாமல் உயிரோடு வைத்திருப்பவர் ஒருவரோ இருவரோதான். அவர்களைத் தனியே பார்த்து, "இனி என் பெயரைச் சொல்லியே கூப்பிடுங்கள்" என்று சொல்லுங்கள். சிரிக்காமல் சொல்லுங்கள், சிரித்தால் அதையும் விளையாட்டில் சேர்த்துவிடுவார்கள். அதன்பிறகு பட்டப்பெயருக்குத் திரும்பவே திரும்பாதீர்கள்.

கேள்வி: நானே முந்திக்கொண்டு என்னைக் கேலி செய்துகொண்டால் தப்பிக்கலாமா?

பதில்: ஒன்றிரண்டு முறை சரி. கனடா உளவியலாளர் ராட் மார்ட்டினும் அவருடைய குழுவினரும் 2003இல் நகைச்சுவையை நான்கு பாணிகளாகப் பிரித்தார்கள். பிறரைச் சிரிக்கவைக்கத் தன்னையே மட்டம் தட்டிக்கொள்வது அதில் ஒன்று. ஆளுக்கு நன்மை செய்யாத பாணிகளில் அதைச் சேர்த்தார்கள்.

கேள்வி: பெயர் வைத்தவரே மேலாளர். கேட்டால் "விளையாட்டுக்குத்தானே" என்கிறார்.

பதில்: அதே விளையாட்டை நீங்கள் அவரிடம் ஆட முடியுமா? முடியாதென்றால் அது விளையாட்டில்லை. பணியிட வன்முறை, துன்புறுத்தல் பற்றிச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019இல் ஏற்ற 190ஆம் உடன்படிக்கை, தீங்கு செய்யும் நோக்கத்தை மட்டும் பார்ப்பதில்லை. ஏற்க முடியாத நடத்தையால் மனத்துக்குத் தீங்கு விளைந்தாலும், விளையக்கூடும் என்றாலும் அது துன்புறுத்தலே. ஒரே முறை நடந்திருந்தாலும் அப்படித்தான். உடன்படிக்கையை ஏற்ற நாடுகளைத்தான் அது கட்டுப்படுத்தும். ஆனாலும் புகார் எழுத அந்த அளவுகோல் உதவும். நாள், இடம், சொன்ன சொல், உடனிருந்தவர் ஆகியவற்றை அன்றன்றே குறித்துவையுங்கள். "எப்போதும் கிண்டல் செய்கிறார்" என்ற ஒற்றை வரிப் புகார் என் மேசையில் நிற்பதில்லை.

கேள்வி: எங்கள் குழுவில் எல்லோருக்கும் பட்டப்பெயர் உண்டு. மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறோம். தவறா?

பதில்: இல்லை. நடத்துங்கள்.

கேள்வி: நான் வைத்த பெயருக்கு நண்பர் சிரிக்கிறார். உண்மையிலேயே பிடித்திருக்கிறதா என்று எப்படி அறிவது?

பதில்: சிரிப்பை நம்பாதீர்கள், பத்துப் பேர் நடுவில் வேறென்ன செய்வார்? புதியவர்களிடம் அவரே அந்தப் பெயரைச் சொல்லி அறிமுகமாகிறாரா என்று பாருங்கள். பெயர் அவருடைய உருவத்தையோ நிறத்தையோ சாதியையோ திக்குவாயையோ தொட்டதென்றால் இந்தச் சோதனையும் வேண்டாம், இன்றே விட்டுவிடுங்கள்.