ஓய்வு யாருக்கு?

கேள்வி: பெரிய வீரர்கள் பலர் கோச்சாகத் தேறுவதில்லை. அயர்லாந்து ரக்பி வீரர் ரோனன் ஓகாரா மட்டும் ஓய்வுக்குப் பிறகும் ஜெயித்தது எப்படி? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: ஓய்வு என்றதும் எனக்கு ஓர் அன்பர் ஞாபகம் வருகிறார். 'இன்னும் எத்தனை காலம் இந்தப் பக்கத்தில் அறுப்பதாக உத்தேசம்? ஓய்வு பெறக் கூடாதா?' என்று மாதாமாதம் கார்டு போடுவார். அவரே ரிட்டையரானவர்தான். என்னை ரிட்டையராக்குவது இப்போது அவருடைய முழுநேர உத்தியோகம். நான் நிறுத்தினால் மனிதருக்கு வேலை போய்விடும். அந்தப் பாவம் எனக்கெதற்கு?

சரி, ஓகாரா. அயர்லாந்துக்கு 128 ஆட்டம், 1083 புள்ளிகள். 2009-ல் கார்டிஃப் மைதானத்தில் வேல்ஸுக்கு எதிராக 78-வது நிமிடத்தில் பந்தைக் கீழே விட்டு, அது எழும்பும்போது கம்பங்களுக்கு நடுவே உதைத்தாரே, அந்த மூன்று புள்ளியில்தான் 61 வருடங்களுக்குப் பிறகு அயர்லாந்துக்கு கிராண்ட் ஸ்லாம், அதாவது ஆறு நாடுகள் போட்டியில் எல்லா ஆட்டத்திலும் வெற்றி, கிடைத்தது. இவ்வளவு செய்தவர் நம் ஊரில் என்றால் நேரே கமென்டரி பெட்டிதான். 'எங்கள் காலத்தில்' என்று ஆரம்பித்தால் மழை வந்து ஆட்டம் நின்றாலும் பேச்சு நிற்காது.

பேச்சில் ஓகாராவும் சளைத்தவரில்லை. வாயைக் கட்டாமல் கோச்சான பிறகு 10 வாரத் தடைகூட வாங்கினார். ஆனால் 2013-ல் ஆட்டத்தை விட்டதும் பாரிஸில் ரேசிங் அணிக்குப் போய், உதைக்கக் கற்றுத்தரும் கோச்சாக அடிமட்டத்தில் சேர்ந்தார். அங்கே ஆட வந்தது யார்? ஜானி செக்ஸ்டன்! 2009 ஐரோப்பிய கிளப் கோப்பை அரையிறுதியில் ஓகாராவின் அயர்லாந்து அணியான மன்ஸ்டரை இன்னோர் அயர்லாந்து அணியான லென்ஸ்டர் 25-6 என்று நொறுக்கியபோது, கீழே விழுந்திருந்த இவர் முகத்துக்கு நேரே குனிந்து கத்திய அதே பையன். அவனுக்கே பாடம் சொல்ல முடிந்ததே, அது பெரிய விஷயம். அப்புறம் நியூசிலாந்தில் குரூசேடர்ஸ் அணியில் உதவி கோச். பெரிய வீரர்கள் பலர் முதல் நாளே தலைமை நாற்காலி கேட்பார்கள். தேறாததற்கு அது போதாதா?

பிறகுதான் பிரான்ஸின் லா ரோஷெல் அணிக்குத் தலைமை கோச். 2022-ல் ஐரோப்பிய கிளப் அணிகளின் சாம்பியன்ஸ் கோப்பை இறுதியில் லென்ஸ்டரை 24-21 என்று வீழ்த்தினார். மறு வருடம் இறுதி ஆட்டம் லென்ஸ்டரின் டப்ளினிலேயே. 12 நிமிடத்துக்குள் லென்ஸ்டர் 17-0. முடிவு? லா ரோஷெல் 27-26. உள்ளூர்க்காரர்கள் டிக்கெட் வாங்கியது இதைப் பார்க்கவா!